உப்புத் தண்ணீரில் தோற்ற மருந்து

அன்புள்ள மூர்த்திக்கு,

அம்மா எழுதுவது. எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பித்தால் மீதியைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டாய். கடலூரில் கல்யாண மண்டபம் பிடித்து உன் கம்பெனிக்காரர்கள் விவசாயிகள் கூட்டம் போடுகிறார்கள், மல்லாட்டையில், அதான் நீங்கள் நிலக்கடலை என்று எழுதுகிறீர்களே, அதில் வருகிற இலைப்புள்ளி நோய்க்கு நீ கண்டுபிடித்த மருந்தை அன்றைக்கு வெளியிடுகிறார்கள், நான் மேடையேறி "எங்க நெலத்துல அடிச்சோம், நல்லா கேக்குது" என்று சொல்ல வேண்டும், வீட்டு வாசலுக்கே கார் வரும் என்றாய். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "அந்த உப்புத் தண்ணி சமாச்சாரத்த டப்பாவுல போட்டிருக்கீங்களாடா?" நீ பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன், போகவில்லை. அப்புறம், "பஸ் சத்தம்மா, சரியா கேக்கல, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். எனக்கு எந்த பஸ் சத்தமும் கேட்கவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நாலு "சரிம்மா" போட்டு முடித்துவிடுவாய். கடிதத்துக்கு நடுவில் அப்படிச் சரி போட முடியாது. உன் மாமா சிதம்பரத்துக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கவரை ஒட்டவில்லை. வழியில் அவன் படித்தாலும் சரி, உன் அறைத் தோழர்கள் படித்தாலும் சரி, உன் பெங்களூர் ஆபீசர் யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாலும் சரி. மறைக்கிறதற்கு இதில் ஒன்றும் இல்லை. கூட்டம் முடிந்த கையோடு நீ பெங்களூருக்கு அந்தக் கம்பெனி வேலைக்கே போய்விடுவாய். அங்கே போன பிறகு உன்னை நிறுத்தி வைத்துப் பேச என்னால் முடியாது.

உன் அம்மா ஒரு சந்தேகப் பிராணி என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அவர் கண்டக்டர் வேலை பார்த்தும் மனுஷரை நம்புகிறார், அது அவர் வாங்கி வந்த வரம். நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து தலை நரைத்தவள். வந்து இறங்குகிற அரிசி மூட்டையில் வாய்ப்பக்கம் இருக்கிற அரிசி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். நான் முழங்கை வரைக்கும் கையை உள்ளே விடுவேன். முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் அடுப்பில் வைக்க விட மாட்டேன். "என்னா டீச்சர், எங்க மேல நம்பிக்கை இல்லியா?" என்று வண்டிக்காரன் முகத்தைச் சுளிப்பான். "ஒம்மேல இருக்குப்பா, முட்ட மேல இல்ல" என்பேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் ஒன்றுகூட என் கையால் சாப்பிட்டு வாந்தி எடுத்ததில்லை. சந்தேகம் என்பது ஏதோ வியாதி என்று நீயும் உன் அப்பாவும் நினைக்கிறீர்கள். எனக்கு அது வேலை.

சுனாமி வந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். நம் நிலத்தில் கடல் தண்ணீர் ஏறவில்லை என்று நிம்மதியாக இருந்தோம். ஆனால் நம் போர் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரிக்க ஆரம்பித்தது. பக்கத்து நிலங்களில் மண்ணில் ஏறிய உப்பை எடுக்க ஜிப்சம் தருகிறோம் என்று ஒரு கூட்டம் வேனில் வந்தது. என்னை ஒரு மூட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள், போட்டோ எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் அந்த மூட்டையை என் கையிலிருந்து வாங்கி அடுத்த வீட்டுக்காரி கையில் கொடுத்து அவளையும் சிரிக்கச் சொன்னார்கள். தெரு முழுக்க அந்த ஒரே மூட்டை சுற்றி வந்து, கடைசியில் வேனில் ஏறிக்கொண்டு போய்விட்டது. உன் அப்பா, "லோடு பின்னாடி வரும், இரு" என்றார். இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அன்றைக்கு முடிவு பண்ணினேன், எவன் பொருளையும் பிடித்துக்கொண்டு சிரிக்க மாட்டேன் என்று. இப்போது நீ என்னை மேடையில் ஏற்றி நிற்க வைக்கப் பார்க்கிறாய்.

நீ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் வீட்டுக்கு வந்திருந்தாய். நான் முறத்தில் காராமணி புடைத்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து ஒன்றை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே, "இதுக்குள்ள ஒரு சின்னப் புரதம் இருக்கும்மா. வெத மண்ணுல கெடக்கும்போது பூஞ்சணம் அண்டாம காப்பாத்தறதுல அதுக்கும் பங்கு இருக்கு. அதப் பாத்து, அதே மாதிரி துண்டா நாங்க லேப்ல செய்யறோம். பெப்டைடுன்னு பேரு" என்றாய்.

"அப்போ காராமணிய அரைச்சித் தெளிச்சா போதாதா?" என்றேன்.

"அவ்ளோ லேசா இருந்தா நான் எதுக்கும்மா இத்தன வருஷம் படிக்கறேன்?" என்று சிரித்தாய். அந்தத் துண்டு பூஞ்சணத்தின் மேல்தோலில் போய் ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும், உள்ளே இருப்பது ஒழுகி அது செத்துப்போகும் என்று விளக்கினாய். நம் தோலில் ஓட்டை போடாதா என்று கேட்டேன். நம் தோல் வேறு மாதிரி, வயிற்றுக்குள் போனால் பருப்பு மாதிரி செரித்துவிடும் என்றாய். வெயிலில் கெட்டுப்போகாதா என்றேன். கெடும், அதனால்தான் சாயந்திரம் அடிக்கிறோம் என்றாய். எதைக் கேட்டாலும் உன்னிடம் பதில் இருந்தது. உன் அப்பா அதற்குள் பாதி நிலத்தை உனக்கு எழுதிக் கொடுத்துவிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. அதை முகத்தில் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அந்த மார்கழிப் பட்டத்தில் நம் மல்லாட்டையில் பரீட்சை பார்க்க வந்தீர்கள். ஒரு பாத்திக்கு உன் மருந்து, ஒன்றுக்கு ஊரில் எல்லோரும் அடிக்கிற பூஞ்சண மருந்துப் பவுடர், இன்னொன்றுக்கு ஒன்றுமே கிடையாது. அந்த மூன்றாவது பாத்தியைப் பார்த்து உன் மாமாதான் தவித்துப் போனான். "வியாதி வந்த பயிர ஒண்ணும் செய்யாம உட்டுட்டு வேடிக்க பாக்கறது பாவம் இல்லியா மாப்ளே?" என்று உன்னிடம் சண்டைக்கு வந்தான். ஒன்றும் அடிக்காத பாத்தி இருந்தால்தான் அடித்ததன் பலன் தெரியும் என்று நீ சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. என்னைச் சங்கடப்படுத்தியது வேறு. ஐஸ் பெட்டியில் சுண்டுவிரல் உயரத்துக்கு மருந்து பாட்டில் கொண்டு வந்தீர்கள், சரி. கூடவே வெள்ளைக் கேன்களில் தண்ணீரும் கொண்டு வந்தீர்கள். போர் இருக்கிற நிலத்துக்கு யாராவது வண்டி வைத்துத் தண்ணீர் கொண்டு வருவார்களா? உன் ஆராய்ச்சிக்குப் பணம் போட்ட கம்பெனியிலிருந்து உன்னோடு வந்த அந்தப் பெங்களூர் ஆபீசர் வேறு, கோவில் வாசலில் புதுச் செருப்பை விட்டுவிட்டு உள்ளே நிற்கிறவர் மாதிரி அந்தக் கேன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் தடவை அடித்ததில் உன் பாத்தி பச்சைப் பசேல் என்று நின்றது. அடிக்காத பாத்தியில் இலையெல்லாம் கறுப்புப் பொட்டு வைத்து, சுற்றிலும் மஞ்சள் ஓடி, உதிர ஆரம்பித்துவிட்டது. ஊரே வந்து பார்த்தது. எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. மருந்து பாட்டிலில் இல்லை, கேனில்தான் இருக்கிறது, பழைய பவுடரையே தெளிய வைத்துக் கேனில் ஊற்றிக் கொண்டு வந்து, என் பையன் பெயரில் வித்தை காட்டுகிறான் அந்த ஆள் என்று தோன்றிவிட்டது. நன்றாகக் கவனி. உன்னை நான் சந்தேகப்படவில்லை. உன் பக்கத்தில் நின்றவரைத்தான்.

சந்தேகத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அலைகிற பழக்கம் எனக்கு இல்லை. அடுத்த தடவை நீங்கள் வந்ததும் வரப்பிலேயே நின்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். "மருந்து நல்ல மருந்துன்னா எங்க போர்த் தண்ணியில கலந்து அடிங்க. கேனு அப்படியே இருக்கட்டும்."

ஆபீசருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்படியெல்லாம் மாத்தக் கூடாதும்மா, அதுக்குன்னு ஒரு முறை இருக்கு" என்றார்.

"எங்க ஊர்ல எவனும் கேன் தண்ணியில மருந்து கலக்க மாட்டான் சார். அதுவும் ஒரு முறைதான்."

நீ நடுவில் நின்றாய். அவரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். அப்புறம் உனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எந்தத் தண்ணியா இருந்தா என்னா? மாமா, போர்லயே புடிங்க" என்று சொன்னது நீதான். அதை நான் சொல்லிக் காட்டுவதற்காக எழுதவில்லை. உன் மருந்து மேல் உனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது. பெற்றவள் முன்னால் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. நம்பிக்கையும் ஆசையும் சேர்ந்து வரும்போது ஒரு நிமிஷம் நின்று யோசி, அதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். உன் பாத்தியும் அடிக்காத பாத்தியும் ஒன்றுபோல உதிர்ந்தன. எனக்கு அப்போது துக்கமா சந்தோஷமா என்று சொல்லத் தெரியவில்லை. பார்த்தீர்களா, மருந்து கேனில்தான் இருந்தது, நான் சொன்னேனே என்று உன் அப்பாவிடம் சொன்னேன். டீக்கடையில் உன் மாமா தன் பங்குக்கு, "எங்க அக்கா கண்ணுல எவனும் மண்ணத் தூவ முடியாது" என்று அளந்திருக்கிறான். அந்தப் பேச்சு எங்கெங்கோ சுற்றிப் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. ஆனால் அங்கே அது வேறு உருவம் எடுத்துக்கொண்டது. முதல் தடவை பலன் தந்த மருந்து இரண்டாம் தடவை எப்படித் தோற்கும், பையன்தான் முதல் தடவை தில்லுமுல்லு பண்ணியிருக்கிறான் என்று அந்த ஆபீசர் உன் புரொபசரிடம் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்து உட்கார்ந்த கோலத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சாம்பாரை ஊற்றினேன், நீ கையை வைக்கவில்லை. "என்னையே சந்தேகப்படறாங்கம்மா" என்றாய். யாரை யார் சந்தேகப்படுகிறது? என் பிள்ளை சின்ன வயதில் அடுத்த வீட்டு மாங்காயைப் பறித்தால்கூட நேரே போய் "நான்தான் பறிச்சேன்"னு சொல்லிவிட்டு வருகிறவன். உன் அப்பா, "நீ கெளப்பி உட்டதுதானே?" என்றார். "நான் சந்தேகப்பட்டா நிரூபிச்சிக் காட்டச் சொல்லுவேன். அந்தாளு முதுகுக்குப் பின்னாடி சொல்றாரு. ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டேன். அவர் மோர் வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் நீ மெதுவாகச் சொன்னாய். "உப்பா இருக்கலாம்மா. இந்த மருந்து பூஞ்சணத்தோட தோல்ல போய் ஒட்டணும். தண்ணியில உப்பு ஜாஸ்தியா இருந்தா அது நடுவுல பூந்து ஒட்ட உடாது. லேப்ல நாங்க எப்பவும் சுத்தத் தண்ணியில கலந்தோம். அதான் கேன் கொண்டாந்தோம். நான்தான் அத யோசிக்காம போர்ல புடிக்கச் சொல்லிட்டேன்." நான் அதையும் நம்பவில்லை. தோற்றவன் சொல்கிற சாக்கு எதுவும் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நம்ப ஆசையாக இருந்தது. ஆசையாக இருக்கும்போதுதான் நான் இன்னும் கெட்டியாகச் சோதிப்பேன்.

ஒரே மாதிரி டானிக் பாட்டில் மூன்றைக் கழுவிக் காயவைத்தேன். ஒன்றில் நம் போர்த் தண்ணீர். ஒன்றில் குளத்துத் தண்ணீர். இன்னொன்றில் அதே குளத்துத் தண்ணீரில் நம் சமையல் உப்பை ஒரு கை போட்டுக் கலக்கினேன். அடியில் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கீறி வைத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். உன் புரொபசர், வெளித் தண்ணீரை லேபுக்குள் விட முடியாது என்று எரிந்து விழுந்தார். நீ கெஞ்சினாய். அந்த மனுஷர் கடைசியில், "சரி, அந்த ஓரமா வச்சிப் பண்ணிக்க" என்றார். எந்த பாட்டிலில் எது என்று நான் உனக்குச் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. மூன்றிலும் உன் மருந்தைக் கலந்து, பாட்டிலுக்கு ஒன்றாகப் பூஞ்சணம் வளர்கிற கண்ணாடித் தட்டுகளில் விட்டு மூடி, அந்தந்தத் தட்டின் பக்கத்திலேயே அதன் பாட்டிலையும் வைத்தாய். தட்டு மேல் ஒட்டிய காகிதத்தில் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னாய். அடுத்த வாரம் வரச் சொன்னாய்.

அடுத்த வாரம் வந்து பார்த்தேன். ஒரு தட்டில் மருந்து விட்ட இடம் வட்டமாக, கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. மற்ற இரண்டிலும் பூஞ்சணம் பஞ்சுபோல மண்டிக் கிடந்தது. பாட்டில்களைக் கவிழ்த்துக் கீறலைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது குளத்துத் தண்ணீர். மண்டிக் கிடந்ததில் ஒன்று போர்த் தண்ணீர், மற்றது நான் உப்புப் போட்டது. நீ சொன்னது அத்தனையும் நிஜம். அந்த லேபில் எல்லோர் முன்னாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே உன் புரொபசரிடம், "சார், அந்த ஆபீசருக்கு இப்பவே போனைப் போடுங்க, நான் பேசறேன்" என்றேன். அவரே பேசினார். உன் பேரில் ஒட்டிய அழுக்கு போனது.

அதற்கப்புறம் நீ மருந்தை மாற்றி மாற்றிச் செய்தாய். போன பட்டத்தில் மறுபடி நம் நிலத்தில் அடித்தாய். உன் மாமா மொபெட்டில் குடம் கட்டிக் குளத்துத் தண்ணீர் கொண்டு வந்து கொட்டினான், பாத்தி முழுக்கப் பச்சையாக நின்றது. "இப்ப கொஞ்சம் உப்பு தாங்கும்மா. ஆனா நம்ம போர் அளவுக்குத் தாங்காது" என்று அன்றைக்கு நீயாகவே சொன்னாய். நான் கேட்டு நீ சொல்லவில்லை. ஆகையால் "எங்க நெலத்துல அடிச்சோம், நல்லா கேக்குது" என்று மேடையில் நான் சொன்னால் அது பொய் இல்லை. ஆனால் எந்தத் தண்ணீரில் கலந்து அடித்தோம் என்று சொல்லாமல் விட்டால் அது பொய்யைவிட மோசம். பண்ருட்டிப் பக்கத்துக்காரனுக்கு இந்தக் கவலை இல்லை, அவன் கிணறு இனிக்கும். அந்தக் கூட்டத்துக்குக் கடலோரம் கிள்ளையிலிருந்தும் பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்தும் வருகிறவன் என்ன செய்வான்? டப்பாவை வாங்கிக்கொண்டு போய் போரைத் திறந்து தொட்டியில் கலப்பான். அந்தம்மாவே சொல்லுச்சே என்று அடிப்பான். பயிர் உதிர்ந்து நிற்கும்போது அவன் வீட்டுக்கு உன் ஆபீசரா போகப் போகிறார்?

டப்பாவில் அதை எழுதினால் கடற்கரைப் பக்கம் சரக்கு போகாது என்று அவர்கள் உன்னிடம் சொல்லியிருப்பார்கள். வேலையில் சேருவதற்கு முன்னாலேயே முரண்டு பிடிக்கிறானே என்று நினைப்பார்கள் என்று நீ பயந்திருப்பாய். நானாக ஊகிக்கிறேன், தப்பாக இருந்தால் சந்தோஷப்படுவேன். பயப்படுவது தப்பில்லை மூர்த்தி. பெரிய இடத்துக்குப் போகிறாய், அங்கே உன்னைப் பேசவிடாமல் பண்ண யாரும் அதட்ட மாட்டார்கள். நல்ல சாப்பாடு போட்டு, தோளில் தட்டிக் கொடுத்து, இது மட்டும் இப்போதைக்கு வேண்டாமே என்பார்கள். அதட்டுகிறவனை நீ சமாளித்துவிடுவாய். தட்டிக் கொடுக்கிறவனைப் பார்த்தால்தான் எனக்கு பயம்.

உன் அப்பா, "பையன் ஆசைப்படறான், போய்ட்டு வாயேன், ரெண்டு வார்த்தைதானே" என்று நச்சரிக்கிறார். வருகிறேன். கார் வேண்டாம், பஸ்ஸிலேயே வருகிறேன். மேடையில் எனக்கு நாற்காலி போட வேண்டாம், கீழே பெண்கள் பக்கம் உட்காருகிறேன். நீ மைக்கைப் பிடித்து, கரிக்கிற தண்ணீரில் இந்த மருந்து கேட்காது, குளத்துத் தண்ணீரிலோ குழாய்த் தண்ணீரிலோ கலந்து அடியுங்கள் என்று உன் வாயால் சொல்லிவிட்டால், நான் அங்கேயே எழுந்து நின்று, எங்கள் நிலத்தில் பார்த்ததை ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்கிறேன். நீ சொல்லாமல் உட்கார்ந்தாலும் எழுந்திருப்பேன். அப்போது நான் கேள்வி கேட்பேன். பெற்ற பிள்ளையைச் சபையில் நிற்க வைத்துக் கேட்டாள் பார் என்று பேசுவார்கள், பேசட்டும்.

முட்டைக்காரனிலிருந்து ஜிப்சம்காரன் வரைக்கும், உன் ஆபீசர் வரைக்கும், ஏன், உன் அப்பா வாங்கி வருகிற கத்தரிக்காய் வரைக்கும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுத்தான் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். உன் மருந்தைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், நீ கொண்டு வந்த தண்ணீரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். உன்னைச் சந்தேகப்பட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசாமல் இருந்தாயே, அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் முதல் தடவையாகச் சந்தேகப்பட்டேன். அது எனக்குப் பழக்கமில்லை, தாங்கவும் முடியவில்லை. கூட்டம் வரைக்கும் என்னைக் காக்க வைக்காதே. கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு.

இப்படிக்கு,
அம்மா